சீனக் கோயிலில் குச்சி குலுக்கினால் வரும் நான்கு வரிக் கவிதை: புதியவர்கள் வாசிக்கும் முறை

சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமாகியிருக்கும். சில அடி தள்ளி, 1884-ல் எழுந்த, கருணைத் தெய்வம் குவான் யின் கோயிலில் மூங்கில் குழாய்க்குள் குச்சிகள் குலுங்கும் சத்தம். அங்கே கும்பிட்டுவிட்டுக் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிப் போகும் சீனர்கள் ஏராளம். நம்மவர்களும் அங்கே போய்க் குச்சி எடுத்துப் பார்க்கிறார்கள். எடுப்பதில் சிரமமில்லை. குச்சியில் உள்ள எண்ணுக்குரிய பாட்டு அச்சிட்ட சீட்டு கையில் வந்தபிறகுதான் தடுமாற்றம். நான்கே வரி. பூ, படகு, நிலா என்று ஏதேதோ இருக்கும். 'நல்லதா, கெட்டதா?' என்று கேட்டு, மேலே போட்டிருக்கும் தரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அந்தச் சீட்டில் மிகக் குறைவாகச் சொல்வது அந்தத் தரம்தான் என்று பின்னால்தான் புரிந்தது.

நமக்கு இது அந்நியமான பழக்கமும் இல்லை. தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பது நம் வழக்கம். பிள்ளையில்லாமல் வருந்திய அச்சுத களப்பாளருக்காக அப்படிப் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பாடல் வந்தது. அவர்கள் திருவெண்காடு போய் நீராடி வழிபட, மெய்கண்டார் பிறந்தார் என்பது சைவ மரபு. ஒரு கேள்வி, அதற்கு ஒரு பாட்டு, அந்தப் பாட்டிலிருந்து செய்ய வேண்டிய காரியம். சீனக் குச்சியும் இதே அமைப்பில்தான் நடக்கிறது.

பெயரும் தொகுப்பும்

இதற்கு மாண்டரினில் 'சியூ சியென்' என்று பெயர், காண்டனீசில் 'காவ் சிம்'. இரண்டுக்கும் 'குச்சி வேண்டுதல்' என்று பொருள். சீட்டில் உள்ள கவிதை ஹொக்கியனில் 'சியாம் சி'. தாய்லாந்துக் கோயில்களில் 'சியம் சீ' என்று சொல்கிறார்களே, அது இந்தச் சொல்தான்.

பழக்கம் மிகப் பழையது. தென் சோங் காலத்துக் கவிஞர் லு யூ (1125–1210), சிச்சுவானில் ஷெஹோங் என்ற ஊர்க் கோயிலில் டு ஃபூவின் கவிதைகளையே குறிச்சீட்டாக வைத்திருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். டு ஃபூ சீனத்தின் மாபெரும் கவிஞர்களில் ஒருவர். அவருடைய பாட்டே குறியாக விழுந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

புதியவர்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எல்லாக் கோயிலிலும் ஒரே கவிதைகள் இருப்பதில்லை. குவான் யின் தொகுப்பில் 100 கவிதைகள். ஹாங்காங் வோங் தாய் சின் கோயிலிலும் 100, ஆனால் அவை வேறு. அதே ஊரில் சே குங் கோயிலில் 96. கடல் தெய்வம் மாட்சுவின் கோயில்கள் பலவற்றில் 60. 'தண்டு' என்ற பத்துக் குறிகளும் 'கிளை' என்ற பன்னிரண்டு குறிகளும் சேர்ந்து சுழலும் சீன ஆண்டுக் கணக்கின் அறுபது இது. பிரபவ முதல் அட்சய வரை நமக்கும் அறுபது என்பதால் சட்டென்று மனதில் நிற்கும்.

ஆகவே 'எட்டாம் எண் வந்தது' என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் இணையத்தில் தேடினால் வேறு தெய்வத்தின் எட்டாம் பாட்டு கிடைக்கும். நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான். எண்ணோடு தெய்வத்தின் பெயரையும் தொகுப்பில் மொத்தம் எத்தனை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பே கேள்வியைத் தீர்மானியுங்கள்

ஒரு காரியம், ஒரு கேள்வி, ஒரு குச்சி. 'என் எதிர்காலம் எப்படி?' என்று கேட்டால் எந்தக் கவிதை வந்தாலும் பொருந்துவது போலவும் இருக்கும், பொருந்தாதது போலவும் இருக்கும். 'இந்த வருடம் சொந்தக் கடை தொடங்கலாம் என்றிருக்கிறேன், அது எப்படிப் போகும்?' என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற கேள்விக்குக் குச்சி வேண்டாம். அதற்குப் பிறைக்கட்டைகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன். ஒரு நிலைமையை எப்படிப் பார்ப்பது, என்ன செய்வது என்பதற்குத்தான் கவிதை.

கோயிலுக்குள்

பெரும்பாலான சீனக் கோயில்களில் செருப்பைக் கழற்றுவதில்லை. நமக்குக் கால் கூசும், பரவாயில்லை. அந்த இடத்தில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். ஆனால் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும், இது நம் வீட்டிலும் சொல்வதுதான். கோயிலைப் பார்த்து நின்றால் வலது கை வாசல் டிராகன் பக்கம், இடது கை வாசல் புலிப் பக்கம். டிராகன் வழியாக உள்ளே போய்ப் புலி வழியாக வெளியே வருவது வழக்கம்.

நேராகக் குழாயை எடுத்துவிடாதீர்கள். முதலில் வணக்கம். ஊதுபத்திக்கு அனுமதி இருந்தால் ஏற்றுங்கள். பிறகு மண்டியிட்டு உங்கள் பெயர், பிறந்த நாள், வசிக்கும் இடம், வந்த காரியம் எல்லாவற்றையும் மனதுக்குள் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்வது போலத்தான் இதுவும்.

குலுக்குதல்

குழாயை இரண்டு கையாலும் பிடித்து, வாய்ப்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்கிற மாதிரி வைத்து மெதுவாக ஆட்டுங்கள். வேகமாக உலுக்கினால் கொத்தாக விழும். சீரான தாளத்தில் ஆட்டினால் ஒரு குச்சி மட்டும் மெல்ல மேலே ஏறி வந்து விழும். அது ஏறுகிற அந்த அரை நிமிடம் கேள்வியைத் தவிர வேறெதுவும் மனதில் இருக்காது. எனக்கு அந்த அரை நிமிடம் மிகவும் பிடிக்கும்.

இரண்டு விழுந்தால் இரண்டையும் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி குலுக்குங்கள். சில கோயில்களில் கையில் தூக்க முடியாத பெரிய பாத்திரத்தில் நீளக் குச்சிகள் நிற்கும். அங்கே எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி விட்டால், எது தனியாக எழும்பி நிற்கிறதோ அதுதான் உங்களுடையது.

குச்சியில் எண் சீனத்தில் மட்டும் இருக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அத்தனை படுக்கைக் கோடுகள். பத்துக்குக் கூட்டல் குறி. எட்டு, விலகி நிற்கும் இரண்டு சாய்ந்த கோடுகள். மற்றதை அங்கே யாரிடம் காட்டினாலும் சொல்வார்கள்.

பிறைக்கட்டையில் உறுதி கேட்டல்

பிறை வடிவில் இரண்டு கட்டைகள், பெரும்பாலும் சிவப்பு வண்ணம் பூசியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. 'இந்தக் குச்சிதான் எனக்கானதா?' என்று கேட்டுவிட்டு இரண்டையும் சேர்த்துக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் மேலே பார்த்தால் சம்மதம். இரண்டும் தட்டையாக மேலே பார்த்தால் தெய்வம் சிரிக்கிறது என்பார்கள். கேள்வி தெளிவாக இல்லை, அல்லது பதில் உனக்கே தெரியும் என்று அர்த்தம். இரண்டும் உருண்டையாக மேலே பார்த்தால் மறுப்பு.

சம்மதம் வராவிட்டால் குச்சியைத் திரும்பப் போட்டு மறுபடி குலுக்க வேண்டும். சில இடங்களில் ஒருமுறை சம்மதம் வந்தால் போதும். தைவானில் சில கோயில்களில் தொடர்ந்து மூன்று முறை வர வேண்டும். கட்டைகள் இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் ஒரு சம்மதத்துக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு, தொடர்ந்து மூன்றுக்கு எட்டில் ஒன்று. ஆகவே நேரம் எடுக்கும். பின்னால் வரிசை நிற்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

சீட்டில் என்னென்ன இருக்கும்

எண்ணைச் சொல்லி வாங்கும் சீட்டில், அல்லது அந்த எண் போட்ட சின்ன இழுப்பறையிலிருந்து எடுக்கும் சீட்டில், சாதாரணமாக நான்கு பகுதிகள் உண்டு. தலைப்பில் எண்ணும் தரமும், ஒரு பழங்கதையின் பெயர், நான்கு வரிக் கவிதை, கீழே காரியவாரியாகச் சுருக்கமான பலன்கள். எல்லாச் சீட்டிலும் நான்கும் இருக்காது. மாட்சுவின் அறுபதில் பெரும்பாலும் தரமே போட்டிருக்காது. அதற்குப் பதிலாக ஐம்பூதம், உகந்த பருவம், திசை ஆகியவை இருக்கும். முதல் சீட்டு உலோகம், இலையுதிர்காலம், மேற்கு. இரண்டாவது நீர், குளிர்காலம், வடக்கு.

தரம் என்பது உச்சம், நல்லது, நடுத்தரம், தாழ்வு என்ற மாதிரி ஒரு முத்திரை. அதைப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. கவிதையை வாசிக்கும்வரை அதன் மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

கவிதையை வாசித்தல்

ஒரு வரிக்கு ஏழு எழுத்து, நான்கு வரி, மொத்தம் இருபத்தெட்டு எழுத்து. பெரும்பாலான சீட்டுகளின் அளவு இதுதான். சீனக் கவிதை மரபில் நான்கு வரிக்கும் நான்கு வேலைகள் சொல்வார்கள். முதல் வரி தொடங்கும், இரண்டாவது தொடரும், மூன்றாவது திரும்பும், நான்காவது முடிக்கும். குறிச்சீட்டுக் கவிதையில் மூன்றாவது வரியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். நிபந்தனையோ அறிவுரையோ எச்சரிக்கையோ இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மாட்சுவின் அறுபதில் இரண்டாவது பாட்டைப் பாருங்கள். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

இப்போதைய காட்சி பருவத்துக்கு ஏற்றதே;
இதோ, நூறு பூக்களின் தலைவி மொட்டவிழப் போகிறாள்.
வசந்தத்தின் நிறம் வந்துசேர வாய்க்குமானால்
புழுதியெல்லாம் கழுவிப் போய்த் தெளியும்.

முதல் வாசிப்பில் 'எல்லாம் நல்லதே' என்றுதான் தோன்றும். நிதானமாகப் பாருங்கள். நூறு பூக்களின் தலைவி என்பது 'மெய்' மரத்தின் பூ. ஆங்கிலத்தில் பிளம் என்பார்கள். மற்ற எந்தப் பூவும் வருவதற்கு முன்பு, குளிர் இன்னும் விலகாதபோதே பூப்பது. தலைப்பில் குளிர்காலம் என்று போட்டிருப்பதும் இதோடு சேர்கிறது. ஆனால் 'மொட்டவிழப் போகிறாள்', இன்னும் அவிழவில்லை. மூன்றாவது வரியில் 'வாய்க்குமானால்' என்ற நிபந்தனை. ஆக, நீங்கள் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள், கொஞ்சம் முன்னதாக நிற்கிறீர்கள். கடை தொடங்கலாமா என்று கேட்டவருக்கு இதை 'ஏற்பாடுகளைச் செய், திறப்பு விழாவைச் சற்றுத் தள்ளிவை' என்று நான் வாசிப்பேன்.

அடுத்து எட்டாவது பாட்டு. நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்:

நெற்கதிர் முற்றி நிறையப் போகிறது;
இந்தக் காரியம் இரு பக்கமும் நிறைவாய் முடியும்.
வீடு திரும்பி மனம்விட்டு உட்கார்;
மனைவி மக்கள் ஆடிப் பாடிக் கூடி மகிழ்வர்.

திருமணப் பேச்சு பற்றிக் கேட்டவருக்கு இரண்டாவது வரியே போதும், இரு வீட்டாருக்கும் திருப்தி. வழக்கு பற்றிக் கேட்டவருக்கும் அதே வரிதான், ஆனால் அங்கே அது சமரசத்தைக் காட்டுகிறது. யாரும் முழுசாகத் தோற்கமாட்டார்கள். வெளிநாட்டு வேலையை ஏற்கலாமா என்று கேட்டவருக்கு? மூன்றாவது வரி 'வீடு திரும்பு' என்கிறது. ஒரே பாட்டு, மூன்று பேருக்கு மூன்று பதில். கோயிலில் பலன் சொல்பவர் சீட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே 'என்ன கேட்டீர்கள்?' என்று கேட்பதன் காரணம் இதுதான்.

என் பதின்மூன்றாவது குச்சி

மலேசியாவில் ஒரு சிறிய மாட்சு கோயிலில், சொந்தத் தொழில் பற்றிக் கேட்டு நான் எடுத்த குச்சி 13. அதன் பாட்டு:

உன் விதியில் ராகுவும் யுவேபெய்யும் நிற்கும் கணவாய் எதிர்ப்பட்டது;
போட்ட யுக்தியெல்லாம் தீர்ந்தும் ஓய்வில்லை.
புண்ணியம் செய்து தெய்வத்தைக் கேட்டாலும் கடப்பது கடினம்;
மேட்டு நீரோட்டத்தில் படகை ஏற்றுவது போல.

அந்த ராகு நம் ராகுவேதான். பௌத்த நூல்களோடும் இந்திய வானியலோடும் சீனம் போனவர். டாங் அரசவையில் பணிபுரிந்த இந்திய வம்சாவளி வானியலாளர் கௌதம சித்தர் 718-ல் நவகிரகக் கணக்கைச் சீனத்தில் எழுதினார். அங்கே ராகு 'லுவோஹோ' ஆனார். கேதுவும் உண்டு. கூடவே சந்திரனோடு தொடர்புடைய யுவேபெய் என்ற கண்ணுக்குத் தெரியாத கோளையும் சேர்த்துக்கொண்டார்கள். சீனத் தெய்வத்திடம் கேட்கப் போய் ராகுவைச் சந்தித்தபோது பயத்தைவிட, தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி ஒரு உணர்வுதான் முதலில் வந்தது.

பிறகு பயமும் வந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன கேட்டாய் என்றார். சொன்னேன். கடைசி வரியைக் காட்டி, "படகு உடைந்தது என்று எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. "கவிழ்ந்தது என்று?" அதுவும் இல்லை. "நீர் எதிர்த்து வருகிறது, அவ்வளவுதான். கட்டிப்போட்டுவிட்டு நீர் வடியும்வரை காத்திரு. இல்லை, இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கூட ஆள் சேர்த்துக்கொள்." பாட்டில் இல்லாத எதையும் அவர் சொல்லவில்லை. பாட்டு காட்டிய படத்தை முழுசாகப் பார்த்தார். அன்றிலிருந்து நான் அப்படித்தான் வாசிக்கிறேன். படத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன்.

கதையைக் கேட்டு வாங்குங்கள்

பல சீட்டுகளில் கவிதைக்குமேல் நான்கெழுத்தில் ஒரு கதையின் பெயர் இருக்கும். நாம் 'கர்ணன் கொடை' என்றாலே போதும், முழுக்கதையும் வந்துவிடும் அல்லவா? அதே மாதிரி. வோங் தாய் சின் தொகுப்பின் முதல் சீட்டில் ஜியாங் சியா அமைச்சரான கதை. தரம் உச்சம். பாட்டும் டிராகனும் புலியும், காற்றும் மேகமும் சந்திக்கும் நேரம் என்று கொண்டாடுகிறது. ஆனால் ஜியாங் சியா யார்? வெய் ஆற்றங்கரையில் தூண்டிலோடு காத்திருந்த முதியவர். வளைவில்லாத நேர் கொக்கியில் மீன் பிடித்தார் என்பார்கள். சோ நாட்டு வென் மன்னர் தேடி வந்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல் என்பது மரபு. ஆகவே இந்தச் சீட்டு வேலை தேடுபவருக்கு வந்தால், தகுதியைக் கண்டுகொள்ளும் ஒருவரைச் சந்திப்பதில்தான் வெற்றி இருக்கிறது என்று கதை கூடுதலாகச் சொல்கிறது. கதை தெரியாமல் தரத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்த மனிதர் கண்ணில் படவே மாட்டார்.

கீழே உள்ள பலன் பட்டியல்

கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்தால் தடுமாறுவது இங்கேதான். 'பாதசாரி' என்று வந்தால் அது வெளியூர் போன ஆளைக் குறிக்கிறது, அவர் எப்போது திரும்புவார் என்பதற்கான பலன். 'ஆறு ஜியா' என்று புரியாமல் ஏதாவது வந்தால் அது கர்ப்பம். 'ஆறு கால்நடை' என்பது வீட்டுப் பிராணிகள். 'புகழும் பெயரும்' என்பது தேர்வும் பதவியும். நீங்கள் கேட்ட காரியத்தின் பலனை மட்டும் பாருங்கள். கேட்காத நோய்ப் பலனையும் வழக்குப் பலனையும் வாசித்துக் கலங்குவதில் பயனில்லை, அவை வேறு கேள்வியோடு வருபவருக்காக அச்சிட்டவை. உடம்பு சரியில்லாமல்தான் கேட்டீர்கள் என்றால், சீட்டு என்ன சொன்னாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தாழ்ந்த சீட்டு வந்தால்

ஹாங்காங்கில் சந்திரப் புத்தாண்டின்போது சே குங் கோயிலில் ஊருக்காகவே ஒரு குச்சி எடுக்கிறார்கள். 2003-ல் அன்றைய உள்துறைச் செயலர் பேட்ரிக் ஹோ எடுத்தது 83, தாழ்ந்த தரம். அந்த வருடமே சார்ஸ் நோய் ஊரை உலுக்கியது. அந்த எண்ணை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கதைகள் காதில் விழுந்திருப்பதால் தாழ்ந்த சீட்டைக் கண்டால் கை நடுங்குவது இயல்பு.

அப்போது செய்யக்கூடாத ஒரே காரியம், நல்லது வரும்வரை அதே கேள்விக்குக் குலுக்கிக்கொண்டே இருப்பது. கட்டை சம்மதம் சொன்னபின் அந்தக் கேள்வி முடிந்தது. நிலைமை உண்மையிலேயே மாறியபிறகு, சில மாதம் கழித்து, வேறு கேள்வியாகக் கேட்கலாம். தாழ்ந்த சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லை என்றால் கோயிலிலேயே விட்டுவரலாம். எங்கே வைப்பது என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். விடுவதற்கு முன் மூன்றாவது வரியையும் நான்காவது வரியையும் மட்டும் யாரிடமாவது பொருள் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் கேள்வியையும் தேதியையும். என் 13-ஆம் எண் சீட்டை நான் விட்டு வரவில்லை. ராகு என்ற இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டு இன்னும் பணப்பையில் வைத்திருக்கிறேன்.